கேமரன் மலையில் ஒரு டீசல் பூசை

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வண்டியை நிறுத்தி, அதன் இன்ஜினைக் கழற்றி மண்ணில் வைத்துவிட்டு, எங்கேயோ கவிழ்ந்து நசுங்கிய லாரியின் இன்ஜினை அதற்குள் திணிக்க வேண்டும் என்று ஓர் ஆணுக்கு ஏன் தோன்றுகிறது? மலேசியா போய்த் திரும்பி மாதங்கள் ஆகின்றன. எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. பெட்ரோல் விலை என்கிறார்கள், மலை ஏற்றம் என்கிறார்கள். கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வண்டியின் முன்னால் என் மூத்தார் நின்ற நிலையைப் பார்த்தவளுக்கு அது விலைவாசிக் கவலையாகத் தெரியவில்லை. என் கணிப்பு தப்பாகவும் இருக்கலாம். எனக்கு வண்டிகளைப் பற்றி என்ன தெரியும்?

மூத்தார் என்றால் என் கணவரின் அண்ணன்; நேரில் மாமா என்பேன். அரைக்கால் சட்டை வயதில் சித்தப்பாவோடு மலேயா போனவர். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், ரிங்லெட் என்ற சின்ன ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. பிள்ளைகள் இல்லை. "என் பெரியவன் கண்ணுல பேத்தியைக் காட்டிட்டு வாங்க" என்று மாமியார் சொல்லிவிட்டார். பெரியவரே டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டார். அப்புறம் நான் சொல்வதற்கு என்ன இருக்கிறது? இரண்டு வயது தேன்மொழியை இடுப்பில் வைத்துக்கொண்டு முசிறியிலிருந்து கிளம்பினேன். குழந்தைக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா, குளிர் ஒத்துக்கொள்ளுமா என்று நான் கேட்டதற்கெல்லாம் "அங்கே மட்டும் பிள்ளைகள் வளரவில்லையா?" என்ற ஒரே பதில் வீட்டில் எல்லோரிடமும் தயாராக இருந்தது.

தாப்பாவிலிருந்து பஸ் மலையேறியது. "ஊட்டி ரோடு மாதிரியே இருக்கு" என்று ஒவ்வொரு வளைவிலும் என் கணவர் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் ஊட்டிக்குப் போனதில்லை. தேனு வாந்தி எடுத்தாள். என் மேல் ஒரு முறை, அவர் மேல் ஒரு முறை. இரண்டாவதற்குப் பிறகு ஊட்டிப் பேச்சு நின்றது.

பக்கத்து இருக்கையில் இருந்த மலாய்க்கார அம்மா முந்தானை போன்ற துணிக்குள் கைவிட்டு, சுருங்கிய கறுப்புப் பழம் ஒன்றை எடுத்துக் குழந்தையிடம் நீட்டினார். என்னவோ சொன்னார். முன்னால் இருந்த தமிழர் திரும்பி எனக்கு விளக்கினார்: "வாயில ஒதுக்கிக்கட்டுமாம். புளிப்புப் பழம். வளைவு தெரியாதுன்னு சொல்றாங்க." நான் வாங்கி முகர்ந்தேன். நக்கினேன். உப்பும் புளிப்புமாக இருந்தது. எனக்கு ஏதாவது ஆகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பார்த்து முடிப்பதற்குள் ரிங்லெட் வந்துவிட்டது. அந்த அம்மா இறங்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மரியாதையானதுதானா என்று இன்னும் யோசிக்கிறேன்.

வண்டியோடு வந்து நிற்பதாகச் சொல்லியிருந்த மூத்தார் கைவீசிக்கொண்டு நின்றார்.

"வண்டி எங்கண்ணே?" என்றார் இவர்.

"வண்டியா? வயித்தத் தொறந்து போட்டுக் கெடக்கு, தம்பி. இன்ஜின மாத்துறேன் லா. டீசல்!"

'லா' என்பது அந்த ஊர்ப் பேச்சின் வால். ஆண் குழந்தை பிறந்த செய்தி சொல்கிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். அதற்குப் பிறகுதான் என் இடுப்பைப் பார்த்து, "இதானா நம்ம புள்ள?" என்றார். முதலில் இன்ஜின், அப்புறம் பிள்ளை. பதினைந்து வருடம் கழித்து ஊரிலிருந்து வந்த சொந்தங்களாகிய நாங்கள், தொழிற்சாலைக்குப் போகும் லாரியில் கொழுந்து மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வீடு போய்ச் சேர்ந்தோம். மூட்டை மெத்தையாகத்தான் இருந்தது. அதைச் சொன்னால் இன்னும் பெருமைப்படுவார் என்று சொல்லவில்லை.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் என்கிறார்கள்; அதன் கடைசி வீடு அவர்களுடையது. வாசலிலேயே என் ஓரகத்தி அஞ்சலை அக்கா குழந்தையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். 'வாங்கிக்கொண்டார்' என்று எழுத முடியாது. அகலமான எலும்பு, கத்திரி பிடித்துக் கொழுந்து வெட்டி வெட்டிக் காய்ப்புக் காய்ந்த கை.

"போயி குளி தங்கச்சி, சுடுதண்ணி வச்சிருக்கேன். புள்ளையத் தூக்கிட்டு ஓடியா போயிருவேன்?"

தேனு யாரிடமும் போகாத பிள்ளை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் அந்த அக்காவின் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

உலகத்துக்கே தேயிலை அனுப்புகிற மலை என்று ஆளாளுக்குப் பெருமை பேசுகிறார்கள் அல்லவா, அங்கே குடித்த தேநீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கெட்டியான டின் பாலை அரை டம்ளர் ஊற்றி, அதன் மேல் கொதிக்கும் சாயத்தை விட்டுக் கலக்குகிறார்கள். பாயசத்தில் தேயிலை விழுந்ததுபோல இருந்தது. குழந்தைக்கு மட்டும் நல்ல பால் கேட்டேன்.

"இதான் பாலு."

"மாட்டுப் பால் இருக்குமாக்கா?"

"டின்னுல மாடு படம் போட்டிருக்கு பாரு" என்றார் அக்கா.

சாப்பாடு முட்டைக்கோஸ். காலையில் பொரியல், மதியம் குழம்பு, மறுநாள் மிளகாய் அரைத்துச் செய்த நெத்திலிச் சம்பாலோடு வதக்கல். திரிங்காப் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு போகும் லோரிக்காரர் (லாரியை அங்கே லோரி என்கிறார்கள்), ஆ லெங் என்ற சீனர், மூத்தாருக்குச் சிநேகிதர். போகும்போதெல்லாம் இரண்டு தலைகளை வாசலில் உருட்டிவிட்டுப் போவாராம். நெத்திலிச் சம்பால் மட்டும் ருசியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தேனு அதைத் தொட்டு நக்கிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே மறுபடி கேட்டாள்.

மறுநாள் எங்களை வண்டி பார்க்க அழைத்துப் போனார். சாமி பார்க்கப் போகிற மாதிரி நானும் தலைவாரிக்கொண்டு போனேன். லயத்துக்குக் கீழே, தோட்டத்துப் பாதையின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் என் வயதைவிட மூத்த ஒரு பச்சை வண்டி. நான் ஜீப் என்றேன். "ஜீப் இல்லம்மா, லேண்ட்ரோவர்" என்று திருத்தினார். துரைகள் காலத்தில் ஒரு துரை ஓட்டியதாம். கேமரன் மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இதே மாதிரிப் பழைய வண்டிகள் காய்கறிக் கூடைகளைச் சுமந்துகொண்டு முனகிக்கொண்டு போகின்றன. வெள்ளைக்காரன் வேண்டாமென்று விட்டுப்போனதை இத்தனை ஆசையோடு கட்டிக்கொண்டு அழுகிற ஊரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

பழைய பெட்ரோல் இன்ஜின் கொட்டகை மூலையில் சாக்கு விரித்துக் கிடந்தது. அதன் இடத்தில், ஈப்போவில் பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஒரு ஜப்பான் டீசல் இன்ஜின். அது ஒரு சாண் நீளமாகப் போய்விட்டதாம். அதனால் ரேடியேட்டரை முன்னால் தள்ளி, அதை வைக்கச் சட்டத்தை வெட்டி, வெட்டிய இடத்தில் வேறு இரும்பை வைத்துப் பற்றவைத்திருந்தார். உயரமும் கூடிப்போனதால் முன்மூடி மூடவில்லை. அதில் ஒரு ஓட்டை போட்டு, ஓட்டையின் மேல் ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து ஆணி அடித்திருந்தார். இன்ஜினும் கியர் பெட்டியும் ஒன்றோடொன்று பொருந்தாத சாதிகள். நடுவில் ஒரு கனத்த இரும்புத் தகடு. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட தேயிலை உலர்த்தும் இயந்திரத்தின் தகடாம் அது. அதை அரத்தால் கையாலேயே ராவி ராவிப் பொருத்தியிருக்கிறார்.

"தடவிப் பாரு தம்பி. மயிரு போறதுக்கு எடமிருக்கா?"

என் கணவர் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். சைக்கிள் செயின் கழன்றால் கடைத்தெரு வரை உருட்டிக்கொண்டே போகிறவர் அவர்.

எங்கள் பக்கம் இந்தக் கூத்து இல்லாமல் இல்லை. துறையூரில் அம்பாசிடர் காரில் டீசல் இன்ஜினை ஏற்றி வாடகைக்கு விடுகிறார்கள். அதில் போய் வந்தவர்கள் இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அவர்கள் யாரும் அதைக் கும்பிடச் சொல்வதில்லை.

ஆ லெங்கின் லோரியிலிருந்து பெரிய பேட்டரியை இறக்கி, கம்பி கொடுத்து இன்ஜினை ஓட்டிக் காட்டினார்கள். தார் டின்னுக்குள் கருங்கல்லைப் போட்டு உருட்டியது போன்ற சத்தம். தேனு கைதட்டினாள்.

"பாத்தியா, புள்ளைக்கே புடிச்சிருச்சு!"

அவள் மழைக்கும் கைதட்டுவாள், நாய்ச்சண்டைக்கும் கைதட்டுவாள். எப்படி நிறுத்துவது என்று மட்டும் கேட்டேன். ஓடுகிற எதையும் எப்படி நிறுத்துவது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

"நல்லாக் கேட்ட, மா. இது பெட்ரோல் மாதிரி சாவியத் திருப்புனா நிக்காது. இந்தா, இந்தக் கம்பிய இழுக்கணும்." ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஒரு குமிழை இழுத்தார். இன்ஜின் விக்கல் எடுத்துவிட்டு அடங்கியது.

அன்று சாயங்காலம்தான் விஷயம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கிழம காலைல பூச. மொத ஓட்டத்துக்கு நம்ம புள்ளதான் முன்னால."

அந்தத் தோட்டத்தில் அது வழக்கமாம். புது வண்டியோ, இன்ஜின் மாற்றிய வண்டியோ, முதல் ஓட்டத்தில் அந்த வீட்டுக் குழந்தை ஒன்று முன்சீட்டில் இருக்க வேண்டுமாம். பிஸ்கட் டின் ஆணியடித்த வண்டியில், தகடு வைத்து ஒட்டிய இன்ஜினோடு, ஒரு பக்கம் மலையும் ஒரு பக்கம் பள்ளமுமான பாதையில், என் பிள்ளையா? நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை அக்கா குழந்தையின் வாயைத் துடைத்தபடி சொன்னார்:

"இத்தன வருசமா எந்த வண்டி எடுத்தாலும் பக்கத்து வீட்டுப் புள்ளையக் கேட்டு வாங்கித்தான் வச்சோம் தங்கச்சி. இந்த வாட்டிதான் சொந்தப் புள்ள."

இதற்கு மேல் எந்த மருமகள் எதைச் சொல்வாள்?

வெளியே குழாயடிக்கு இவரை அழைத்துப் போய்ச் சொன்னேன்: "தேனுவ அந்த வண்டியில ஏத்த மாட்டேன்."

"சரி, அண்ணன்கிட்ட நீயே சொல்லு."

"உங்க அண்ணன்தானே, நீங்க சொல்லுங்க."

"நான் எப்படிடி சொல்றது? நம்மள இங்க வரவழைச்சதே அவரு."

"அதுக்குப் புள்ளையக் குடுக்கணுமா?"

"கோயில் வரைக்கும் போய்த் திரும்பப் போறாங்க. என்னமோ சந்திரனுக்கு அனுப்புற மாதிரி பேசுற."

அண்ணன் மனம் நோகக் கூடாது. பிறந்ததிலிருந்து அவருக்குத் தெரிந்த ஒரே வேதம் அதுதான். நான் மறுநாள் அக்காவிடமே சுற்றி வளைத்துப் பார்த்தேன். தேனுவுக்குச் சளி என்றேன். மப்ளர் கட்டிவிடலாம் என்றார். காத்து ஆகாது என்றேன். கண்ணாடியை ஏற்றிவிடலாம் என்றார். சத்தத்துக்குப் பயப்படுவாள் என்றேன். "கை தட்டுனாளே!" என்றார். நானும் கூட உட்காருகிறேன் என்றேன். "முன்சீட்டுல நீயும் ஏறிட்டா உங்க மாமா கியர எங்க போடுவாரு? எம் மடியில வச்சிக்கிறேன் தங்கச்சி. விட்டுருவேனா?"

வெள்ளிக்கிழமை வண்டிக்கும் என் பிள்ளைக்கும் ஒரே நீளத்தில் மாலை போட்டார்கள். வண்டிக்குச் சந்தனம், குங்குமம். பிஸ்கட் டின்னுக்குத் தனியாக ஒரு பொட்டு. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். லயமே கூடியிருந்தது. மாரியம்மன் கோயில் பண்டாரம் வந்தார். மற்ற நாட்களில் கொழுந்து நிறுக்கிறவர், வெள்ளிக்கிழமைகளில் சாமி நிறுக்கிறவர்.

வண்டி கிழக்கே பார்த்து நிற்க வேண்டும் என்றார் பண்டாரம். அந்த இடத்தில் கிழக்கு என்பது நல்ல ஏற்றம். முந்தின நாளே பத்துப் பேர் தள்ளி அப்படி நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தார்கள். இரண்டாவது விதி: முதல் ஓட்டத்தில் பின்கியர் போடக் கூடாது. பின்கியர் போட்டால் குடும்பம் பின்னடையுமாம். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படித்தவள் நான். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். கட்டிக்கொண்டதற்குக் காரணம் குளிர் மட்டுமில்லை. பிள்ளை அக்காவின் மடியில் முன்சீட்டில் இருந்தாள். கைக்கு வேறு வேலையில்லை.

மூத்தார் சாவியைத் திருப்பினார். ஊம், என்றது. இன்னொரு முறை. ஊ… என்றது. அப்புறம் ஒன்றுமில்லை. டீசல் இன்ஜினைச் சுற்ற வலுவான பேட்டரி வேண்டுமாம். வண்டியில் இருந்தது பழைய பெட்ரோல் இன்ஜினுக்கான சின்ன பேட்டரி. பெரிய பேட்டரி ஆ லெங்கின் லோரியில் ஏறித் திரிங்காப்புக்குப் போயிருந்தது. அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று இத்தனை தகடு ராவியவருக்குத் தோன்றவில்லை. மாலை வாங்கத் தோன்றியிருக்கிறது.

"நல்ல நேரம் முடியப்போகுது" என்றார் பண்டாரம்.

"உருட்டி விட்ருவோம் லா" என்றார் கூட்டத்தில் ஒருவர். அங்கே எல்லோரும் வண்டியைச் சரிவில்தான் நிறுத்துவார்கள். கீழ்நோக்கி உருளவிட்டுக் கியரைப் போட்டால் சக்கரம் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பிவிடும். பேட்டரிக்கு வேலையில்லை. தினசரி நடப்பது. ஆனால் தினமும் வண்டி இறக்கத்தைப் பார்த்து நிற்கும். இன்று கிழக்கைப் பார்த்து நின்றது.

"அப்ப பின்னாலதான் உருளும். பின்கியருல போட்டாத்தான் புடிக்கும்" என்றார் அவரே.

"பூசைக்கு நின்ன வண்டியிலயா பின்கியர் போடச் சொல்ற?" மூத்தாருக்குக் கோபம் வந்துவிட்டது. கொஞ்சம் யோசித்தார். "முன்கியருலயே போட்டு உருட்டுவோம். ஒரு குலுக்கு குலுக்குனா கெளம்பிரும். பொலே லா, முடியும்."

"வண்டி பின்னால போகுமே சாமி?" என்று யாரோ பண்டாரத்தைக் கேட்டார்கள்.

பண்டாரம் தீர்ப்புச் சொன்னார்: "கியரு முன்கியருதானே? வண்டி போகல, உருளுது. உருண்டா தோசமில்ல."

நான் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "பிள்ளைய இறக்கச் சொல்லுங்க. கிளம்பின பிறகு ஏத்திக்கலாம்." இவர் "அண்ணே…" என்றார். நானே "அக்கா!" என்று கத்திக்கொண்டு கதவுப் பக்கம் போனேன். அதற்குள் கல்லை எடுத்துவிட்டார்கள்.

வண்டி பின்னால் உருண்டது. ஒரு குலுக்கு. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. இன்னொரு குலுக்கு. இன்ஜின் பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள், நாதஸ்வரம் இல்லாத குறை. மூத்தார் முகமெல்லாம் பல்லாக, முன்னால் ஏறுவதற்காக ஆக்சிலேட்டரை மிதித்தார்.

வண்டி பின்னால் பாய்ந்தது.

அவர் இன்னும் மிதித்தார். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. பிஸ்கட் டின்னுக்குள்ளிருந்து குபுகுபுவென்று கறுப்புப் புகை. சந்தனப் பொட்டு கண்ணில் தெரியவில்லை.

"முன்னால போடுங்கண்ணே!" என்று இவர் கத்தினார்.

"முன்னாலதான்டா போட்டிருக்கேன்!"

பின்னால் வளைவு. வளைவுக்கு அந்தப்புறம் தேயிலைச் செடிகள் இறங்கி இறங்கி ஓடை வரை போகும் பள்ளம். நான் ஓடினேன். "கம்பி! மாமா, கம்பிய இழுங்க!" என்று ஓடினேன். அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் பிரேக்கை மறந்து சாவியைத் திருப்பினார். காலமெல்லாம் பெட்ரோல் வண்டி ஓட்டிய கை. திருப்பியது மட்டுமில்லை, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் நிற்கவில்லை என்று அதைப் பார்த்தார். பார்த்த கையோடு ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி மலைப்பக்கம் திரும்பியது. ஓரத்து மழைநீர்க் கால்வாயில், அவர்கள் லோங்கான் என்கிறார்களே அதில், பின்சக்கரம் இரண்டும் இறங்கின. வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து நின்றது. இன்ஜின் மட்டும் நிற்கவில்லை.

கதவருகே போய், "கம்பி!" என்றேன். இப்போது கேட்டது. இழுத்தார். அடங்கியது.

அஞ்சலை அக்கா கண்ணாடிக்கு முதுகைக் காட்டி மடங்கியிருந்தார். பிள்ளை அவருக்குள் எங்கேயோ இருந்தாள். முன்னாலிருந்த இரும்பு விளிம்பில் இடித்து அக்காவின் முழங்கைக்குக் கீழே வீங்கத் தொடங்கியிருந்தது. நான் தேனுவைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை.

"விடுங்கக்கா. நான்தான், விடுங்க."

"விட்டுட்டேன் தங்கச்சி. கைதான் விடமாட்டேங்குது."

ஒவ்வொரு விரலாக நான் பிரித்தெடுத்தேன். தேனுவுக்கு ஒரு கீறல் இல்லை. மாலையைத் தின்றுகொண்டிருந்தாள்.

மதியம் ஆ லெங் முட்டைக்கோசோடு வந்து, சங்கிலி போட்டு வண்டியை மேலே இழுத்தார். நடந்ததைக் கேட்டவர் சிரித்துச் சிரித்து, முடியாமல் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு மலாயில் நீளமாகப் பேசினார். கையில் கட்டோடு அக்கா எனக்குச் சொன்னார்:

"டீசலுக்கு முன்னும் தெரியாதாம் பின்னும் தெரியாதாம். எந்தப் பக்கம் சுத்தி விட்டாலும் அந்தப் பக்கமே ஓடுமாம். பெட்ரோலா இருந்தா இருமிட்டு நின்னிருக்குமாம். நாம பின்னால உருட்டி முன்கியரப் போட்டோமா, இன்ஜினு தலகீழாச் சுத்திருச்சு. அதான் புகையும் பின்னால வராம முன்னால வந்துச்சாம்."

"அதுக்கப்புறமும் என்னமோ சொன்னாரே?"

"அது உங்க மாமாவப் பத்தி. வேணாம் லா."

இவ்வளவு விளக்கமாகத் தெரிந்த பிறகு, தெற்கு வடக்கு எப்படி நின்றிருந்தாலும் பரவாயில்லை, வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்தியிருக்கலாம், பெரிய பேட்டரி வாங்கியிருக்கலாம் என்று பேசுவார்கள் என நினைத்தேன். எனக்கு எப்போதும் இந்த நம்பிக்கை வந்துவிடுகிறது.

மூத்தார் வாசலில் உட்கார்ந்து, வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்: "புள்ள ஒக்காந்திருந்துச்சு, அதான் லோங்கான்ல நின்னுச்சு. இல்லன்னா ஓடைக்குப் போயிருக்கும். ராசிக்காரப் புள்ள."

"பிள்ள உட்காராம இருந்தாலும் நீங்க ஸ்டியரிங்க ஒடிச்சிருப்பீங்க, மாமா" என்றேன்.

"ஒடிக்க வச்சது யாரு?" என்றார்.

லயத்தில் எல்லோரும் ஆமாம் என்றார்கள். பண்டாரமும் ஆமாம் என்றார். என் கணவர் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமாம் என்றார். கொட்டகையில் அண்ணன் முகத்தில் பார்த்த அதே பெருமை இப்போது இவர் முகத்திலும். சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் தங்கள் மோட்டார் சைக்கிளைத் தேனு தொட வேண்டும் என்று உருட்டிக்கொண்டு வந்தார்கள். நான் கதவைச் சாத்தினேன். குழந்தை தூங்குகிறாள் என்றேன். உள்ளேயிருந்து அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வண்டியின் கதவில் வெள்ளைப் பெயின்டில் 'தேன்மொழி' என்று எழுதியிருந்தது. புதுப் பேட்டரியும் வந்திருந்தது. மூத்தார் அதில் ரிங்லெட் போய்த் திரும்பி வந்தார். உண்மையைச் சொல்வதென்றால், வண்டி மலை ஏறும்போது மூச்சு வாங்கவில்லை. அந்தத் தகட்டில் ஒரு பொட்டு எண்ணெய் கசியவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கிளம்பும் நாளில் அதிலேயே தாப்பா வரை கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அப்போது மட்டும் எனக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, ஆ லெங்கின் லோரியில் ஏறி முட்டைக்கோஸ் கூடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்துவிட்டால் யாரும் இறக்கிவிட மாட்டார்கள் என்பதை அங்கேதான் கண்டுபிடித்தேன். மூத்தார் முகம் வாடியது. இவர் தாப்பா வரை என்னோடு பேசவில்லை. குடித்தனம் தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு நிம்மதியான பயணம் போனதில்லை.

லோரி கிளம்புவதற்கு முன் அஞ்சலை அக்கா பக்கப் படியில் ஏறித் தேனுவின் மப்ளரைச் சரிசெய்தார். வீங்கிய கை இன்னும் மஞ்சள் பூச்சோடுதான் இருந்தது. என் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னார்:

"நானும் வேணாம்னுதான் நெனச்சேன் தங்கச்சி. பேட்டரி நின்னப்பவே எறங்கிரலாம்னு கால எடுத்தேன். யாரு சொல்றது, சொல்லு."

அத்தனை நாள் அந்த அக்காவையும் அவர்களில் ஒருத்தியாகத்தான் கணக்கில் வைத்திருந்தேன். அவரும் என்னைப் போலவே வாய்க்குள் ஒரு 'வேண்டாம்' வைத்துக்கொண்டுதான் மடியில் என் பிள்ளையைப் பிடித்திருந்திருக்கிறார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேர் ஒரே சொல்லை விழுங்கியிருக்கிறோம்.

இப்போது நான் இதை எழுதுவதற்கு அவசரமான காரணம் இருக்கிறது. முசிறிக்குத் திரும்பியதும் என் கணவர் தெருவெல்லாம் கதை சொன்னார். கதையில் வண்டி ஓடையின் விளிம்பு வரை போகிறது. தேனு கை நீட்டுகிறாள், நிற்கிறது. மாமியார் நாள் தவறாமல் அவளுக்குத் திருஷ்டி சுற்றுகிறார். போன மாதம் இவர் ஒரு பழைய ஜீப்பை வாங்கி வந்து வாசலில் நிறுத்தியிருக்கிறார். நன்றாக ஓடுகிற பெட்ரோல் ஜீப். அண்ணன் தை மாதம் ஊருக்கு வருகிறார், வந்து தம் கையாலேயே டீசல் இன்ஜின் ஏற்றித் தருகிறாராம். பூசைக்கு நாள் குறித்தாகிவிட்டது. முன்சீட்டில் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமில்லாமல் எல்லோரும் தேனுவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அஞ்சலை அக்காவும் வருகிறார். அவர் மடிதானாம்.

இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். மூத்தவர்கள் முகம் வாடாமல், பிள்ளையும் நம் இடுப்பைவிட்டு இறங்காமல், 'முடியாது' என்று சொல்லி வென்ற மருமகள் உங்களில் யாராவது இருந்தால், எந்தச் சொல்லால் சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். சளி, காற்று, பயம் மூன்றும் செல்லவில்லை. முகம் வாடினால் வாடட்டும் என்று சொல்லிவிட்டவர்கள் இருந்தால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் எப்படி இருந்தீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். இரண்டு பேருக்கும் பொருந்துகிற மாதிரி இருந்தால் நல்லது. அக்காவுக்கும் நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். தை பிறப்பதற்குள் எழுதுங்கள்.